காலையில் முதலை இல்லை

களப்பில் முதலை இருக்கிறதா என்று
எல்லாரும் கேட்பார்கள்.
காலைச் சவாரிக்கு இல்லை என்று சொல்ல வேணும்,
பிள்ளைகுட்டியோடு வருகிறவர்கள் காலையில்தான் வருவார்கள்.
மாலைச் சவாரிக்கு உண்டு.
பன்னிரண்டடி. போன கிழமையும் கண்டது.
வேலைக்குச் சேர்ந்த அன்று
முதலாளி தவநேசன் போட்ட முதல் கட்டளை இது.
இரண்டாவது:
அன்னப் படகின் இடது மிதி இறுக்கம் என்பதை
ஆள் ஏறிக் காசு தரும்வரை வாய் திறக்காதே.

சண்டை முடிந்து மூன்றாவது சீசன்.
ஓ.எல். ரிசல்ட் வந்து, ஒன்றும் சொல்லாமல் போயிருந்தது.
நிலாவெளியில் எந்தக் காணியைப் பார்த்தாலும்
யாரோ ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள்.
எங்களிடம் நாலு அன்னங்கள்.
ஒன்றுக்கு அலகு இல்லை,
இக்பால் நகர் நிஹ்மத்
சிவப்பு ஷாம்பு மூடி ஒன்றை அதற்கு ஒட்டினான்.
தூரத்திலிருந்து பார்த்தால் அன்னம்.
கிட்ட வந்தால் தலைக்குக் குளிக்கப் போகிற ஏதோ ஒன்று.

நீந்தத் தெரியுமா என்று முதலாளி கேட்டபோது
தெரியும் என்று நான் சொன்னது மூன்றாவது பொய்,
அது என்னுடைய சொந்தப் பொய்.
சின்ன வயதில் எங்களுக்கும் கடலுக்கும் நடுவில்
மூன்று வரிசை முட்கம்பி.
அந்த மே மாதம்தான் பழகினேன்,
ஆட்கள் போன பிறகு, மார்பளவுத் தண்ணியில்,
நிஹ்மத் என் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்க.
"குழந்தையில் இருந்தே இங்கேதான் நீந்தினாயா?"
ஒரு ஜெர்மன்காரப் பெண் கேட்டாள்.
யெஸ் மேடம்.
அவள் அதை ஒரு கொப்பியில் எழுதினாள்.

டிலக்சனா டிக்கெட் மேசையில்.
வெயில் எங்கள் கழுத்தை எரிக்க
அவளுக்கு மட்டும் ஒரு குடை, ஒரு காற்றாடி.
காற்றாடிக்குக் கரண்ட் இல்லை.
டிப்ஸ் எல்லாம் அவளுடைய இரசாயனவியல் பெட்டியில்,
மூன்றாய்ப் பிரிப்பதற்கு.
யூரோ சில்லறையை பேங்க் வாங்காது.
அதனால் ஒரு இத்தாலியனின் நாணயங்களைச் சேர்த்து வைத்து
அடுத்த மாதம் வருகிற பிரெஞ்சுக்காரனிடம்
நோட்டாக்கித் தா என்று கெஞ்சுவோம்.
அதற்கென்றே ஒரு ஆங்கில வசனம்
மூன்று பேரும் பாடமாக்கியிருந்தோம்.
பரீட்சையில் அது வந்திருந்தால்
எனக்கு ஏ.

குருநாகலில் இருந்து பஸ்ஸோடு வருவார்கள்,
பறையும் பைலாவும் சோற்றுப் பார்சலும்.
கிம்புலா இன்னவத?
நே, நே, காலை.
நாலுமணித் தேத்தண்ணிக்கு
டிலக்சனா கிம்புலா பணிஸை வாலிலிருந்து கடிப்பாள்.
அந்தக் களப்பங்கரையில் நிச்சயமான ஒரே முதலை,
சீனி தூவினது.

லைஃப் ஜாக்கெட்டுகள் ஒருபோதும் காயவில்லை.
அந்த ஈர மணம்
இன்றைக்கும் ஏதாவது விமான நிலையத்தில்
திடீரென்று மூக்கில் ஏறும்.
எங்கிருந்து என்று தெரியாது.
சம்பளத்தில் நான் ஒரு ஜீன்ஸ் வாங்கினேன்,
இரண்டு அங்குலம் நீளம். வளர்வேன் என்று நினைத்தேன்.

ஒக்டோபரில் வாடைக்கு முதல் மழை.
ஆளில்லை. கொடி இல்லை.
அன்னங்களைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துக் கட்ட
நானும் நிஹ்மத்தும் போனோம்.
மூன்றைக் கட்டியாயிற்று.
நாலாவதன் கயிற்றை அவிழ்க்கையில்
கண்ணாப் பற்றையடியில் கிடந்த மரக்குற்றி
கண்ணைத் திறந்தது.

பன்னிரண்டடி இல்லை. ஆறு, ஏழு.
மழை அதன் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.
அது எங்களைப் பார்க்கவில்லை,
ஷாம்பு மூடியைத்தான் பார்த்தது என்று
நிஹ்மத் பிறகு சத்தியம் பண்ணினான்.
அந்தத் தண்ணியில்தான் ஐந்து மாதம்
என் நாடி மிதந்தது.
பிறகு அது அவசரமில்லாமல் உள்ளே போயிற்று,
வட்டம்கூட விடாமல்.

முதலாளிக்குச் சொல்லவில்லை.
சொன்னால் அடுத்த சீசனுக்கு டிக்கெட்டைக் கூட்டுவார்.
டிலக்சனாவுக்கு மட்டும் போய்ச் சொன்னோம்,
மூச்சு வாங்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.
அவள் காசு எண்ணுவதை நிறுத்தாமல் கேட்டாள்:

"காலையிலா, மாலையிலா?"

மத்தியானம் என்றோம்.